தேதியில்லாத சவாரி

என் செருப்பின் ஆணி கழன்றதற்கும் முதலாளியின் ஜீப் கேரட் தொட்டிக்குள் இறங்கியதற்கும் நடுவில் நின்ற ஒரே ஆள் நான்தான். சாட்சி இல்லாததால் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கலாம். கையில் கல்லோடு நின்றதால் முடியவில்லை.

அட்டுவம்பட்டி மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிரேக்கை நம்புகிற டிரைவர் எங்கள் மலையில் கிடையாது. பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுப்போம். வண்டிக்கு அதுதான் பிரேக். அன்றைக்கும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நாலு எட்டு நடப்பதற்குள் என் செருப்பு வாயைப் பிளந்தது. ஆணியை அடித்து இறுக்க ஒரு கல் வேண்டும். மலை முழுக்கக் கல்தான். ஆனால் கைக்கு அடக்கமாக, ஒரு பக்கம் தட்டையாக, ஆணி அடிப்பதற்கென்றே செதுக்கி வைத்த மாதிரி ஒன்று சக்கரத்துக்கு அடியில் இருந்தது. சுலபமாக வரவில்லை. ஆட்டி ஆட்டி, மெனக்கெட்டு உருவினேன். செருப்பைத் தரையில் வைத்து அடித்தேன். இரண்டாவது அடிக்கு ஜீப் கிளம்பிவிட்டது.

பந்தியில் மரியாதை குறைந்துபோய், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற சம்பந்தி மாதிரி மெதுவாகத்தான் போனது. பேரிக்காய் மரம் ஒன்றை உரசிக்கொண்டு, முட்டைக்கோஸ் பாத்தி வழியாக இறங்கி, கேரட் கழுவுகிற சிமெண்ட் தொட்டிக்குள் மூக்கைக் குத்தி நின்றது. கழுவுகிற பெண்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் நான் இன்றைக்கு வெளியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலாளி நாச்சிமுத்து ஓடி வந்தார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"ஏலே பொன்னுவேலு, கேரட்டக் கழுவத்தாம்ல தொட்டி கட்டுனேன். ஜீப்பக் கழுவணும்னா ஏரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடி விழுகிற இடத்தில் முதலில் சிரித்துவிட்டால் அடி கொஞ்சம் லேசாக விழும் என்பது என் அனுபவம்.

சிரிக்காமல் நின்றது ஒருத்திதான். ஞானம்மா. கேரட் மூட்டை அடுக்குகிற எங்கள் கிட்டங்கிக்குப் பின்னால் தகரம் போட்ட வீடுகள் வரிசையாக உண்டு. அதில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். புருஷன் சூசைமுத்து மன்னவனூருக்கு அந்தப் பக்கம் காட்டில் வாட்டல் மரத்தில் பட்டை உரிக்கப் போய்விட்டால் திரும்ப வாரக் கணக்காகும். அவளுக்கு அப்போது நிறைமாசம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தொட்டிக்குள் மூக்கு குத்திக் கிடந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இனி எனக்கு எந்த வண்டிங்க?"

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஜீப் அவளுக்காகச் சொல்லி வைத்திருந்த ஜீப். முந்தின வருஷம் அவளுக்கு முதல் வலி கண்டபோது நான் கேரட் லோடோடு ஒட்டன்சத்திரத்தில் இருந்தேன். சூசைமுத்து கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினான். அங்கே வேலுசாமி என்று ஒருத்தன், நம்ம சேக்காளிதான், அம்பாசிடர் ஓட்டுகிறான். "நீ முன்னால போ, பின்னாலயே வர்றேன்" என்றான். சூசைமுத்து வந்து வாசலில் நின்றான். பெண்டாட்டியைச் சேலை மாற்றி உட்கார வைத்துவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உச்சி வெயிலில் ஆரம்பித்த காத்திருப்பு, மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியும் முடியவில்லை. அப்புறம்தான் கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். பாதி வழியில், ஒரு வளைவில், குழந்தை பிறந்தது. அழவில்லை.

மறுநாள் வேலுசாமியைக் கேட்டதற்கு, "டயரு பஞ்சராயிருச்சு மாப்ள, என்ன செய்ய" என்றான்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரி நர்ஸம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடப்பதாகச் சொல்லியிருந்தது. வலி எடுத்தால் வீட்டில் வைத்துக்கொண்டு மருத்துவச்சியைத் தேடக் கூடாது, அந்த நிமிஷமே கொண்டு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாயும் சேர்ந்து போய்விடும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பியது. "அதுக்கென்ன, நம்ம ஜீப் கெடக்கு" என்று நெஞ்சைத் தட்டியவன் நான். முதலாளியும் தலையாட்டியிருந்தார். இப்போது ஜீப் கிடந்ததுதான். கிடந்த இடம்தான் சரியில்லை.

மெக்கானிக் மூக்கையாவைக் கூட்டி வந்தேன். தொட்டிக்குள் இறங்கி, அடியில் புகுந்து, வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"ஆக்சிலு வளைஞ்சிருச்சுண்ணே. மதுரைக்குச் சொல்லிவிடணும். வந்துரும்."

"எப்ப வரும்?"

"வந்துரும்ணே."

"இந்த வாரமா, இந்த வருசமாடா?"

"சீசன் முடியட்டும். வெரசா பாத்துருவோம்."

எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் "இல்லை" என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. காலையில் போணி ஆகும் முன்னே இல்லை என்று சொன்னால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். விளக்கு வைத்த நேரத்தில் சொன்னால் லட்சுமி வெளியேறிவிடுவாள். இரண்டுக்கும் நடுவில் சொல்லலாம்தான், ஆனால் கேட்டவன் முகம் வாடுமே என்ற தாட்சண்யம். ஆகவே கடையில் உப்பு தீர்ந்தால் "உப்பு நெறைஞ்சிருக்கு" என்பார்கள். ஆள் வரமாட்டான் என்றால் "பாத்துக்கலாம்" என்பார்கள். செத்தாலும் வரமாட்டான் என்றால் "கட்டாயம் வந்துருவோம்" என்பார்கள். "பாத்துக்கலாம்" என்பதில் எந்த எழுத்தை எவ்வளவு நீட்டினான் என்பதை வைத்து எங்களுக்குள் புரிந்துகொள்வோம். சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு அது புரியாது. வர்றேன் என்றால் வருவான் என்று எண்ணிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். சூசைமுத்து நின்ற மாதிரி.

மறுநாள் வெள்ளனே கிளம்பி டவுனுக்குப் போனேன். பஸ்ஸை நம்புவதற்கில்லை. அது காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் வலி எடுத்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைதான் கால அட்டவணையை அனுசரித்துக்கொள்ள வேண்டும்.

மே மாதம். ஏரியைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. ஸ்டாண்டில் நாலைந்து அம்பாசிடர்கள் நின்றன. டிரைவர்கள் எல்லோரும் தெரிந்த முகம்.

"ஒரு சவாரி வேணும்ப்பா."

"ஏறுங்கண்ணே. எங்க?"

"அட்டுவம்பட்டியிலருந்து ஆஸ்பத்திரிக்கு."

"என்னைக்கு?"

"தெரியாது."

"எத்தனை மணிக்கு?"

"அதுவும் தெரியாது."

"ஆளாவது யாருன்னு தெரியுமா?"

"ஒரு ஆளு தெரியும். இன்னொரு ஆளு இன்னும் பொறக்கல."

சிரித்தார்கள். சிரிக்க வைக்கிறது என் பிறவிக் குணம். ஆஸ்பத்திரிக்குப் போய் சாவுச் செய்தி சொன்னாலும் இரண்டு பேர் சிரித்துவிடுவார்கள். சிரித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். பணம் முன்கூட்டியே தருகிறோம், வண்டி வேறு சவாரிக்குப் போகாமல் நின்றால் நிற்கிற நாளுக்கும் தருகிறோம், வலி வந்ததும் ஆள் அனுப்புவோம், உடனே வரவேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கென்னண்ணே. பாத்துக்கலாம்."

"யாரு வருவா? ஒரு பேரச் சொல்லு."

"யாராவது நிப்போம்ல. நம்ம ஊருப் பொம்பளை. விட்டுருவோமா."

அந்த "விட்டுருவோமா"வைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, விட்டுவிடுவார்கள்.

அடுத்தது ஒரு பெரிய ஓட்டல். அங்கே வாசலிலேயே வண்டி புக் செய்கிற மேஜை. மேஜைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய பையன்.

"டேட் சொல்லுங்க சார்."

"வலி வர்ற டேட்டு."

"புரியல சார். பில்லர் ராக்ஸ் டிரிப் இருக்கு, சன்செட் டிரிப் இருக்கு, ஃபுல் டே இருக்கு."

"ஒன்பதாம் மாச டிரிப் இருக்கா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, நல்ல பையன். "மேனேஜர்கிட்ட சொல்லி வைக்கிறேன் சார். ஹெட் ஆபீஸ்ல கேட்டுட்டு உங்களுக்குச் சொல்றோம்."

"எங்க சொல்வீங்க? எங்க வீட்டுல போன் இருக்கா?"

"கண்டிப்பா சொல்றோம் சார்."

எனக்கு முன்னால் நின்ற வடக்கத்திக் குடும்பம் ஒன்றுக்கு அவன் அப்போதுதான் வண்டி எழுதி முடித்திருந்தான். பில்லர் ராக்ஸில் பனி மூடியிருந்தால் என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டாள். பனி விலகும் வரைக்கும் வண்டி நிற்கும் மேடம், மத்தியானம் ஆனாலும் சாயங்காலம் ஆனாலும் நிற்கும், வெயிட்டிங் சார்ஜ் மட்டும் தனி என்றான்.

அங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறியது.

இந்த ஊரில் எதுதான் விலைக்குக் கிடைக்காது? குதிரை மணிக்கணக்கில் கிடைக்கும். படகு கிடைக்கும். சைக்கிள் கிடைக்கும். இங்கே நின்றுகொண்டு கீழே சமவெளியில் எவன் வீட்டு மாடியில் துணி காய்கிறது என்று பார்க்க டெலஸ்கோப் கிடைக்கும். மலைவாசி மாதிரி வேஷம் கட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளத் துணிமணி வாடகைக்குக் கிடைக்கும். பனி விலகும் வரை காத்து நிற்க வண்டி கிடைக்கும். பனி என்ன, நாளைக்குப் பத்து மணிக்கு விலகுகிறேன் என்று எழுதியா கொடுத்திருக்கிறது? அதற்குத் தேதி கேட்டானா? பாறையைப் பார்ப்பதற்குக் காத்து நிற்கிற வண்டி, ஒரு பொம்பளை உயிரோடு பிள்ளை பெறுவதற்குக் காத்து நிற்காதா? ஊசிக்கும் நூலுக்கும் கடை வைத்தவன், தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் போர்டு வைத்தவன், இதற்கு ஒருத்தன் ஒரு கடை வைக்கவில்லையே.

வெளியே வந்து நின்றுகொண்டிருந்த காரின் டயரை ஓங்கி ஓர் உதை உதைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. கோபத்தைக் கூட எனக்குச் சரியாகச் செலவழிக்கத் தெரியாது.

நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலி வருவதற்கு முன்பே சேர்த்துக்கொள்ளுங்களேன் என்றேன். இருக்கிற கட்டிலே பத்தவில்லை, ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடக்கிறார்கள், பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். அங்கே கோபப்பட முடியவில்லை. பக்கத்தில் லாட்ஜுகளில் ஒரு ரூம் கேட்டேன். நிறைமாசக்காரி என்று சொன்னதும் எல்லா மேனேஜர்களும் சாவி மாட்டுகிற பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வாங்க, பாக்கலாம்" என்றார்கள்.

திரும்பி வந்தபோது ஞானம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிறைமாசத்தில் செய்கிற வேலையா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"என்னாங்க அண்ணே சொன்னாங்க?"

"பாத்துக்கலாம்னாங்க."

"அப்படின்னா வருவாங்களா?"

"அப்படின்னா..." என்று இழுத்தேன். எனக்கும் அந்த ஊர் வாய்தானே. "பாப்போம் தங்கச்சி. அப்படியெல்லாம் விட்டுருவாங்களா."

கோடரியைக் கட்டையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்களுமா அண்ணே?"

குனிந்து, பிளந்து கிடந்த விறகைப் பொறுக்கி அடுக்கினேன்.

"எங்க தோட்டத்துல ஒரு தொரை இருந்தாருங்க. வாயத் தொறந்தா ஏச்சுத்தான். என் அம்மாவ, என் அம்மாவப் பெத்தவளையெல்லாம் சேத்து ஏசுவாரு. ஆனா லொறி இருந்தா இருக்கும்பாரு. இல்லைன்னா இல்லைம்பாரு. இல்லைன்ன அந்த நிமிசமே லயத்து வீட்டு ஆம்பளைங்க கம்பளியக் கம்புல கட்டித் தூக்கிருவாங்க. ஒரு உசுரும் போனதில்லைங்க அப்படி. இங்க எல்லாரும் தங்கமான ஆளுங்க தானே. ஒருத்தர் கூட ஏசல. வா தாயி, போ தாயின்னாங்க. என் புள்ளைய ரோட்டுல பெக்க வச்சாங்க."

"தங்கச்சி..."

"அந்தாளு வரமாட்டேன்னு சொல்லிருந்தா, நான் அப்பவே நடந்திருப்பேன் அண்ணே. ஊர்ந்து போயிருப்பேன். வர்றேன்னாரு. நான் தலை சீவிட்டு ஒக்காந்திருந்தேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கோபமாக நிற்கிற பெண்ணிடம் என் வித்தை எதுவும் எடுபடாது.

"நான் யாருகிட்டயும் தர்மம் கேக்கல. காசுக்குத் தானே கேக்குறேன். எனக்கு இப்ப வண்டி கூட வேணாங்க. வருவேன், வரமாட்டேன், இதுல ஒரு சொல்லு. அத எந்தக் கடையில விக்கிறாங்கன்னு பாத்து வாங்கிட்டு வாங்க. வரமாட்டாங்கன்னு தெரிஞ்சா நான் நாளைக்கே போயி ஆஸ்பத்திரி கேட்டுல ஒக்காந்துக்குவேன். பனியில வெறைச்சாலும் அங்கயே கெடப்பேன். வருவாங்கன்னா இங்க இருப்பேன். ரெண்டுங்கெட்டானா என்னை வைக்காதீங்க."

"யாருகிட்டக் கேக்கச் சொல்ற?"

"போன வாட்டி வர்றேன்னாரே, அவருகிட்டயே கேளுங்க."

வேலுசாமியை ஸ்டாண்டில் நான் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி வந்துவிட்டேன் என்பதுதான் சரி. ஒரு வருஷமாக அவனைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். ஆனாலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். டீ குடிக்கும்போது நான் ஏதாவது சொல்ல, அவன் சிரிப்பான். அப்படியே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் அவன் வீட்டுக்கே போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சரிவில் இரண்டு அறை வீடு. வாசலில் அம்பாசிடரை நிறுத்தி, வாளியில் தண்ணீர் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். கதவுகள் நாலும் திறந்து கிடந்தன.

"வா மாப்ள. என்ன வெள்ளனே? ஜீப்புக்கு நீச்சல் கத்துக்குடுத்தியாமே."

"கத்துக்குடுத்தேன். பாதியில முங்கிருச்சு. வேலு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சூசைமுத்து பொண்டாட்டிக்கு நாளு நெருங்கிருச்சு. வலி வந்தா ஆளு அனுப்புவேன். வருவியா, வரமாட்டியா?"

அவன் கை கார் கண்ணாடி மேல் நின்றது. அப்புறம் மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

"என்ன மாப்ள இப்படிக் கேட்டுட்ட. நான் இல்லாம யாரு வருவா. பாத்துக்கலாம்."

"பாக்குறதெல்லாம் வேணாம். வருவியா, வரமாட்டியா?"

"கட்டாயம் வந்துருவேன்ப்பா. சாமி சத்தியமா."

அந்தச் சத்தியத்தைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. வாளியைத் தூக்கினேன். நுரையும் அழுக்குமாக இருந்த தண்ணீர் முழுவதையும் காரின் பின்சீட்டில் கொட்டினேன்.

"ஏலே, பைத்தியமாடா உனக்கு?"

"சீட்டுத்தானடா உனக்கு? சீட்டு கெட்டுப்போகும், ரத்தம் படும், முதலாளி கத்துவான், அதுக்குத்தானே போன வருசம் வரல? இந்தா, நனைஞ்சிருச்சு. என்ன ஆச்சு? காயாதா? ரத்தம்னா கழுவுனா போகாதாடா? ஒரு உசுரு போச்சே, அதக் கழுவ முடியுமா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறிவிட்டன. பொதுவாக நான் கோபப்பட்டால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வேலுசாமிக்கு வரவில்லை. அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்க்காமல், தண்ணீர் சொட்டுகிற சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கழுவுனா போகும்."

சொன்னது அவன் இல்லை. அவன் பெண்டாட்டி சண்முகவள்ளி. மாவு ஒட்டிய கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அதுவரை எனக்கு டீ கொடுக்கிறபோது தவிர அவள் என்னோடு பேசியதில்லை.

"நாந்தாண்ணே கழுவுனேன். போயிருச்சு."

"எதச் சொல்ற தாயி?"

"உள்ள போ" என்றான் வேலுசாமி.

"போகமாட்டேன். அண்ணே, அதுக்கு முந்தின வருசம் மேல்மலையிலருந்து ஒரு புள்ளத்தாச்சிய ஏத்திட்டு வந்தாரு. இந்த சீட்டுலதான். வளைவுக்கு வளைவு அவ போட்ட சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சாம். இறக்கும்போது உசுரு இல்ல. இவரு ஒரு வேலையும் தெரியாம இந்தா இங்க நின்னாரு. நான் சீட்டக் கழுவுனேன். அது போயிருச்சு. இவருக்குத்தான் போகல. இன்னைக்கு வரைக்கும் பின்னால யாராவது இருமுனாலே வண்டிய ஓரங்கட்டிருவாரு."

"போன வருசம் டயரு..." என்றேன்.

"டயருக்கு ஒண்ணும் இல்ல. வண்டி இங்கதான் நின்னுச்சு. அந்த சிலோன்காரரு ஸ்டாண்டுக்கு வந்துட்டுப் போனதும் இவரு வண்டிய இங்க ஓட்டிட்டு வந்து, உள்ள போயி கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்துட்டாரு. நான் எழுப்பிப் பாத்தேன். அடிச்சும் பாத்தேன்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வழி தெரியாமல் காலி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் மட்டும் குறையவில்லை.

"ஏண்டா, அத அன்னைக்கே அவன்கிட்டச் சொல்லிருந்தா அவன் வேற வழி பாத்திருப்பானேடா."

வேலுசாமி ஈரத் துணியைப் பிழிந்தான். தண்ணீர் வராத துணியை மறுபடி மறுபடி பிழிந்தான்.

"வரமாட்டேன்னுதான் சொல்ல நெனச்சேன் மாப்ள. அவன் அப்படி நின்னான். கையக் கட்டிக்கிட்டு. வாயத் தொறந்தா வர்றேன்னு வந்துருச்சு."

"இன்னைக்கும் அதுதானே வந்துச்சு?"

அவன் துணியைக் கார் மேல் விரித்தான். சண்முகவள்ளி பேசினாள்.

"இந்தத் தடவையும் வரமாட்டாருண்ணே. நீங்க ஆளு மேல ஆளு அனுப்பினாலும் வரமாட்டாரு. அந்தப் புள்ளகிட்ட அப்படியே சொல்லிருங்க. ஸ்டாண்டுலயும் எவனும் வரமாட்டான். சீசன்ல வலிக்காரிய ஏத்துனா அந்த வாரம் வண்டிக்கு ராசியில்லைம்பானுங்க. எனக்குத் தெரியும், இவங்க பேசுறதக் கேட்டுருக்கேன்."

முந்தின நாள் பூராவும் நான் இந்த ஊர் முழுக்க நொண்டித் தேடிய சரக்கு. மாவுக் கையோடு, ஒரு வார்த்தை கூட நீட்டாமல், தாட்சண்யம் பார்க்காமல் வாசற்படியில் நின்று கொடுத்தாள். ஆனால் இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த வேளையே ஞானம்மா ஆஸ்பத்திரி வாசலில், பனியில், வெறுந்தரையில் உட்கார்ந்துவிடுவாள் என்பதும் தெரிந்தது.

"சரி தாயி" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எங்க போறீங்க? நான் இன்னும் முடிக்கல. அவள இங்க கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே. அடுப்படியில ஒரு ஆளு படுக்கலாம், சூடா இருக்கும். ஆஸ்பத்திரி கேட்டு இந்தா தெரியுது பாருங்க. வலி வந்தா கையப் புடிச்சு நானே நடத்திக் கூட்டிட்டுப் போயிருவேன். வண்டியே வேணாம்."

"கொண்டு வர்றது யாரு?"

"இவருதான். வலி இல்லாத ஆளத்தானே, ஏத்துவாரு. ஏத்துவீங்கல்ல?"

வேலுசாமி தலையை ஆட்டினான். அப்புறம் என்ன நினைத்தானோ, "ஏத்துவேன்" என்று வாயைத் திறந்தும் சொன்னான்.

"அந்தப் புள்ளைய முன்னால உக்கார வச்சுக்கங்க. பின்சீட்ட நனைச்சவரு பின்சீட்டுல உக்காந்து வரட்டும்" என்றாள் என்னைப் பார்த்து.

கேட்பதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த ஊரில் நன்றாகப் பேசியவர்கள் எல்லோரையும் நான் வரிசையாகப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இன்றைக்கு இரக்கத்தில் வா என்பாள், நாலு நாளில் முகம் சுருங்கும், ஐந்தாம் நாள் யாரோ விருந்தாளி வருவதாகச் சொல்வாள். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கப்போகிறவள் ஞானம்மா.

"கோவிச்சுக்காத தாயி. நான் அவகிட்டப் போயிச் சொல்லணும், அதனால கேக்குறேன். எத்தனை நாளைக்கு வச்சுக்குவ?"

சண்முகவள்ளி கையிலிருந்த மாவை உரித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"பெத்து, எந்திரிச்சு நடக்குற வரைக்கும். அதுக்கு மேல முடியாதுண்ணே. வீடு சின்னது, எனக்குக் கோவம் ஜாஸ்தி."